கண்குழி லிம்போமா: ஸ்கேன் படம் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரேடியாலஜி பயிற்சியில் சேர்ந்த புதிதில் கண்குழி ஸ்கேன் ஒன்று திரையில் வந்து நின்றால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது. இடமோ மிகச் சிறியது. கண்கோளம், பார்வை நரம்பு, கண்ணை அசைக்கும் ஆறு தசைகள், மேல் இமையைத் தூக்கும் ஒரு தசை, கண்ணீர்ச் சுரப்பி, ரத்தக் குழாய்கள், இவற்றின் இடுக்குகளை நிரப்பும் கொழுப்பு என எல்லாமே கூம்பு வடிவிலான ஓர் எலும்புக் குழிக்குள் அடங்கியிருக்கின்றன. அதற்குள் ஒரு கட்டி தெரிந்தால் பாடப்புத்தகம் நீளமான ஒரு பட்டியலைக் காட்டும். அதை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு நோயும் அந்தக் குழிக்குள் ஒரு விதமாக நடந்துகொள்கிறது. அதைக் கவனிக்கப் பழகிவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

லிம்போசைட் எனும் வெள்ளையணுக்கள் பெருகுவதால் கண்ணைச் சுற்றி வரும் கட்டிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு முனையில் தீங்கில்லாத லிம்போசைட் பெருக்கம், மறுமுனையில் லிம்போமா எனும் புற்று, நடுவில் எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத சில. உடலில் வரும் எல்லா லிம்போமாக்களையும் சேர்த்து எண்ணினால் கண்ணைச் சுற்றி வருபவை நூற்றில் ஒன்றிரண்டுதான். ஆனால் பெரியவர்களின் கண்குழியில் தோன்றும் புற்றுகளை மட்டும் எண்ணினால் லிம்போமாவுக்குத்தான் முதலிடம். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். பாதிக்கு மேல் மால்ட் வகையைச் சேர்ந்தவை. சவ்வுப் பரப்புகளை ஒட்டிய லிம்பாய்டு திசுவிலிருந்து பிறக்கும் இந்த வகையை 1983-இல் ஐசக்சனும் ரைட்டும் தனியாக அடையாளம் காட்டினார்கள். மெதுவாக வளரும், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஃபாலிகுலர், மேன்டில் செல், பெரிய பி செல் லிம்போமா ஆகியவையும் இதே இடத்தில் வருவதுண்டு. கடைசியாகச் சொன்னது வேகமானது, முரடானது.

கண்கோளத்தின் உள்ளே விழித்திரையையும், கோளத்தை நிரப்பும் விட்ரியஸ் கூழையும் பிடிக்கும் லிம்போமா வேறு நோய். அது மூளை லிம்போமாவோடு உறவுடையது, அதைத் தேடும் முறையும் வேறு. அதை இங்கே சேர்க்கவில்லை.

முதல் படி: லிம்போசைட் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கண்கோளத்துக்குப் பின்னால் உள்ள கொழுப்பில் நிணநீர் முடிச்சு கிடையாது. இயல்பாக லிம்பாய்டு திசு இருப்பது இமையின் உட்புறத்தையும் வெள்ளைவிழியையும் போர்த்தும் கன்ஜங்டைவா சவ்விலும், கண்குழியின் மேல் வெளிமூலையில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பியிலும்தான். ஆகவே ஸ்கேனைத் திறந்ததும் உங்கள் பார்வை முதலில் போக வேண்டியது அந்த மேல் வெளிமூலைக்கு. இந்தக் கட்டிகள் அதிகமாகத் தென்படும் இடம் அது. கண்குழியின் முன்பாதியும் மேல்பாதியும் பின்பாதியையும் கீழ்ப்பாதியையும் விட அதிகமாகப் பாதிக்கப்படும்.

அப்புறம் இரண்டு எல்லைகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தசைகள் சேர்ந்து உண்டாக்கும் கூம்பு. கட்டி கூம்புக்குள்ளா, வெளியிலா, இரண்டிலுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லிம்போமா பெரும்பாலும் கூம்புக்கு வெளியே தொடங்கும். இரண்டாவது, செப்டம். எலும்பு விளிம்பிலிருந்து இமைக்குள் இறங்கும் மெல்லிய தடுப்புச் சவ்வு இது. இதற்கு முன்னால் இருப்பது இமை, பின்னால் இருப்பது கண்குழி. ஸ்கேனில் இந்தச் சவ்வு எப்போதும் தெளிவாகத் தெரியாது. எலும்பு விளிம்பையும் இமையின் தகட்டையும் இணைத்து ஒரு கோடு கற்பனை செய்துகொண்டால் போதும். இந்தக் கோட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது ரிப்போர்ட் எழுதும்போது தெரியும்.

இரண்டாம் படி: படம் எடுக்கும் முன்பே வேலை தொடங்குகிறது

ஸ்கேன் கோரும் சீட்டில் ‘கண் பிதுக்கம்’ என்று இரண்டு சொல் மட்டும் இருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். நோயாளியிடம் நேரே போய் நான்கு கேள்வி கேளுங்கள். வலி இருக்கிறதா? எத்தனை நாளாக? இதற்கு முன் லிம்போமா என்று யாராவது சொன்னதுண்டா? இந்தக் கண்ணுக்காக ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது எடுத்தார்களா? வலியில்லாமல் மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்தது என்றால் லிம்போமா பக்கம் தராசு சாயும். மூன்றே நாளில் வலியோடும் சிவப்போடும் வந்தது என்றால் அழற்சியையோ தொற்றையோ முதலில் நினைக்க வேண்டும். ஸ்டீராய்டு கேள்வியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கண் மருத்துவர் இமையைத் தூக்கிப் பார்த்த குறிப்பு இருந்தால் அதையும் படியுங்கள். கன்ஜங்டைவாவில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த வழவழப்பான திட்டு, சால்மன் மீனின் சதை நிறத்தில் இருப்பது, இந்த நோயின் பேர்போன அடையாளம். அது மிக மெல்லியதாக இருந்தால் ஸ்கேனில் தெரியாமலே போகும். கண்ணால் பார்த்தவர் சொல்வதே அங்கே சாட்சி.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா என்று கேட்பார்கள். எலும்பைப் பார்க்கவும் அவசரத்துக்கும் சி.டி. திசுவின் தன்மையையும் பார்வை நரம்பையும் மூளைப் பக்கம் பரவியிருக்கிறதா என்பதையும் பார்க்க எம்.ஆர்.ஐ. இந்த நோயில் பல நேரம் இரண்டுமே தேவைப்படும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் எம்.ஆர்.ஐ.யைத் தேர்ந்தெடுப்பேன்.

சி.டி. என்றால் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தடிமனில் எடுத்து, கொரோனல் (முன், பின் எனப் பிரிக்கும்), சஜிட்டல் (இடம், வலம் எனப் பிரிக்கும்) வெட்டுகளைத் திரும்ப உருவாக்க வேண்டும். எலும்புக்கும் மென்திசுவுக்கும் தனித்தனி அல்காரிதம். திசுவை எடுப்பாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்தபின் ஒரே ஒரு முறை எடுத்தால் போதும். கண்வில்லை கதிர்வீச்சை எளிதில் தாங்காத உறுப்பு. கான்ட்ராஸ்டுக்கு முன்னும் பின்னும் என்று இரண்டு முறை எடுப்பதால் இந்த நோயில் கூடுதலாகக் கிடைப்பது மிகக் குறைவு.

எம்.ஆர்.ஐ.யில் வெட்டின் தடிமன் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. படப்பரப்பைக் கண்குழி அளவுக்குச் சுருக்க வேண்டும். மூளைக்கு எடுக்கும் வழக்கமான வரிசையை அப்படியே ஓட்டினால் கண்குழி தபால்தலை அளவில்தான் கிடைக்கும். ஒரே திசுவை வெவ்வேறு விதமாகக் காட்டும் வரிசைகளில் வேண்டியவை இவை: கொழுப்பின் ஒளியை அடக்காத டி1, கொழுப்பை அடக்கிய டி2, நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன், கடைசியாகக் கடோலினியம் எனும் கான்ட்ராஸ்ட் கொடுத்து கொழுப்பை அடக்கிய டி1. ஆக்ஸியலும் (மேல், கீழ் எனப் பிரிக்கும் வெட்டு) கொரோனலும் இரண்டுமே வேண்டும்.

நோயாளியைத் தயார்செய்யும் தொழில்நுட்பர்களுக்கு ஒரு வார்த்தை. மஸ்காரா, கண் மை, இமைப்பூச்சு எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லுங்கள். சில பூச்சுகளில் இரும்பு ஆக்ஸைடு இருக்கும். அது சரியாக நமக்கு வேண்டிய இடத்தில்தான் படத்தைக் கறுப்பாக்கிச் சிதைக்கும். வெல்டிங், இரும்பு இழைப்பு போன்ற வேலை செய்தவரா, கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதா என்று கேட்காமல் காந்தத்துக்குள் அனுப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் முதலில் ஓர் எக்ஸ்ரே. உள்ளே போனபின் கண்ணை மூடி, மூடிய இமைக்குள் பார்வையை ஒரே திசையில் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒருமுறை நினைவூட்டினால் படத்தின் தரம் எவ்வளவு கூடும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மூன்றாம் படி: கட்டியைப் பார்க்கும் முன் கண்கோளத்தின் வடிவத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப்போகலாம் என்றால் இதை எடுத்துப்போகச் சொல்வேன். லிம்பாய்டு கட்டி தன்னைச் சுற்றி இருப்பவற்றின் வடிவத்துக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்ளும். ஈரக் களிமண்ணை ஒரு பந்தின் மேல் அப்பினால் எப்படி ஒட்டி வளையுமோ அப்படிக் கண்கோளத்தின் மேல் படிந்திருக்கும். எலும்புப் பக்கம் எலும்பின் வளைவுக்கேற்ப இருக்கும். பார்வை நரம்பை எட்டினால் அதைச் சுற்றிக்கொள்ளும். கட்டி பெரிதாக இருக்கும், கண் முன்னால் தள்ளப்பட்டிருக்கும், ஆனால் கண்கோளம் மட்டும் உருண்டை கெடாமல் இருக்கும். இந்த முரண்பாடுதான் அடையாளம்.

பார்க்கும் முறை எளிது. ஆக்ஸியல் வெட்டுகளை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். கட்டியைத் தற்காலிகமாக மறந்துவிட்டு, கண்கோளத்தின் வெளிக்கோட்டை மட்டும் கண்ணால் தடவிக்கொண்டே போங்கள். எங்காவது தட்டையாகியிருக்கிறதா, உள்ளே அமுங்கியிருக்கிறதா? கண்ணீர்ச் சுரப்பியில் வரும் பிளியோமார்ஃபிக் அடினோமா போன்ற கெட்டியான கட்டி கண்கோளத்தை அமுக்கும், பக்கத்து எலும்பில் வழவழப்பான ஒரு குழியும் தோண்டும். லிம்போமா பொதுவாக இரண்டையும் செய்யாது. அப்புறம் கொரோனல் வெட்டுக்குப் போய் இதையே திரும்பச் செய்யுங்கள். ஆக்ஸியலில் தெரியாமல் போகும் மேல் தசைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட படிவுகள் கொரோனலில் பளிச்சென்று தெரியும்.

அடுத்து உள்ளமைப்பு. சி.டி.யில் இது தசையின் அடர்த்தியில், அல்லது அதைவிடச் சற்றே வெளுப்பாக, ஒரே சீராகத் தெரியும். கான்ட்ராஸ்டை மிதமாகவும் சீராகவும் எடுத்துக்கொள்ளும். உள்ளே சுண்ணாம்புப் படிவு, நீர்ப்பை, அழுகல் என்று எதுவும் இருக்காது. சிகிச்சை பெறாத ஒரு கட்டியில் சுண்ணாம்புப் படிவைப் பார்த்தால் லிம்போமா என்ற எண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கண்ணீர்ச் சுரப்பியைத் தனியாக நின்று பாருங்கள். அதற்கு இரண்டு மடல் உண்டு. பின்னால், எலும்புக் குழிக்குள் இருப்பது பெரியது. முன்னால், இமையோடு சேர்ந்திருப்பது சிறியது. சுரப்பியின் செல்களிலிருந்தே பிறக்கும் கட்டிகள் பெரும்பாலும் பின்மடலோடு நிற்கும். லிம்பாய்டு நோய் இரண்டு மடல்களையும் சேர்த்துப் பெருக்க வைத்து, எலும்பு விளிம்பைத் தாண்டி முன்னாலும் வழிந்திருக்கும். மறுபக்கச் சுரப்பியையும் பார்க்காமல் நகராதீர்கள். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் வருவது இந்த நோயில் அரிதல்ல. ஒரு பக்கம் பெரிய கட்டியைக் கண்டதும் மனம் அங்கேயே நின்றுவிடும், மறுபக்கத்தின் 4 மில்லிமீட்டர் தடிப்பு கைநழுவிப் போகும்.

சரி, எலும்பு? எலும்புச் சாளரத்துக்கு மாற்றி நான்கு சுவர்களையும் பாருங்கள். மால்ட் வகையில் எலும்பு அநேகமாகத் தப்பித்துவிடும். எலும்பு அரிக்கப்பட்டிருந்தால் பெரிய பி செல் லிம்போமா, வேறிடத்துப் புற்று பரவியது, கண்ணீர்ச் சுரப்பிக் கார்சினோமா ஆகியவை பட்டியலில் மேலே வர வேண்டும். கட்டி தன்னை வளைத்துக்கொள்ளும் அடையாளமும் எல்லா லிம்போமாவிலும் பாடம் சொன்னபடி இருக்காது. சில கொழுப்புக்குள் ஓரம் தெளிவில்லாமல் பரவியிருக்கும்.

கண் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்பதை அளந்து எழுதுங்கள். கண்வில்லை தெரியும் ஆக்ஸியல் வெட்டில் இரண்டு கன்ன எலும்புகளின் முன்விளிம்புகளையும் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டிலிருந்து கருவிழியின் முன்முகம் வரை செங்குத்தாக அளக்க வேண்டும். 21 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ அது பிதுக்கம். தலை சாய்ந்து எடுக்கப்பட்ட படத்தில் இந்த அளவை நம்பக் கூடாது.

நான்காம் படி: எம்.ஆர்.ஐ.யும் டிஃப்யூஷனும்

கொழுப்பை அடக்காத டி1 படத்தை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள். கண்குழிக் கொழுப்பு அதில் வெள்ளையாக ஒளிரும், கட்டி தசையின் சாம்பல் நிறத்தில் இருக்கும். கட்டியின் எல்லையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படம் வேறு இல்லை. டி2-வில் கட்டி தசைக்குச் சமமாகவோ சற்று வெளுப்பாகவோ இருக்கும். நீர் போல ஒளிராது. கடோலினியம் கொடுத்தபின் ஒரே சீராக ஒளிரும்.

டி2-வில் ஒளிராமல் இருப்பதற்கும் டிஃப்யூஷனில் ஒளிர்வதற்கும் காரணம் ஒன்றே. லிம்போமா செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை, ஒவ்வொன்றிலும் உட்கரு பெரியது, அதைச் சுற்றிய திரவம் கொஞ்சம். நீர் மூலக்கூறு நகர இடமில்லை. ஆகவே டிஃப்யூஷன் படத்தில் வெளுப்பாகவும், நீரின் நகர்வை எண்ணாகக் காட்டும் ஏ.டி.சி. வரைபடத்தில் கறுப்பாகவும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டிஃப்யூஷனில் வெளுப்பு, ஏ.டி.சி.யிலும் வெளுப்பு என்றால் அது டி2-வின் ஒளி கசிந்து வந்தது. அங்கே தடை எதுவும் இல்லை.

அளவைச் சொல்வதென்றால் கண்குழி லிம்போமாவின் ஏ.டி.சி. பெரும்பாலும் 0.8 × 10⁻³ சதுர மி.மீ./நொடிக்குக் கீழே விழும். சாதாரண அழற்சித் திசு பெரும்பாலும் 1.0-க்கு மேலே நிற்கும். நடுவில் இருப்பது சதுப்பு நிலம். எந்த எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவிக்குக் கருவி, தேர்ந்தெடுக்கும் பி மதிப்புக்கு (டிஃப்யூஷன் வரிசையின் உணர்திறன் அமைப்பு) ஏற்ப எண் மாறும். மூளையின் வெள்ளைப் பகுதியையோ எதிர்ப்பக்கத் தசையையோ அதே படத்தில் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது கொஞ்சம் பாதுகாப்பானது. அளக்கும் வட்டத்தைக் கட்டியின் நடுவில், சீரான பகுதியில், ஓரத்தைத் தொடாமல் வைத்து இரண்டு மூன்று வெட்டுகளில் எடுங்கள். ஒரே ஒரு புள்ளியில் கிடைத்த எண்ணை நம்பி எழுதினால் அது நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டிஃப்யூஷன் ஏமாற்றும் இடங்களும் உண்டு. கண்குழிக்குக் கீழும் உள்பக்கமும் காற்று நிரம்பிய சைனஸ்கள் இருப்பதால் வழக்கமான வேக வரிசையில் படம் இழுபட்டுப் போகும். இழுபடாத மாற்று வரிசை உங்கள் கருவியில் இருந்தால் அதைக் கேளுங்கள். சீழ்க்கட்டியும், தோல்செல் கழிவு நிரம்பிய டெர்மாய்டு நீர்க்கட்டியும் இதேபோல டிஃப்யூஷனைத் தடுக்கும். ஆனால் கடோலினியம் கொடுத்தால் அவற்றின் நடுப்பகுதி ஒளிராது. லிம்போமா முழுவதுமாக ஒளிரும். தீங்கில்லாத லிம்போசைட் பெருக்கத்தில் மட்டும் இந்த உதவியும் கிடைக்காது. அங்கேயும் செல்கள் நெருக்கமாகவே இருக்கின்றன, அதுவும் வளைந்து படியும், அதுவும் சீராக ஒளிரும். படத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே முகச்சாயல் கொண்ட மற்றவை

அதிகம் குழப்புவது காரணம் தெரியாத கண்குழி அழற்சி. வலியோடு வேகமாக வரும். கட்டியைச் சுற்றிய கொழுப்பில் கலங்கலும் கோடுகளும் தெரியும். தசையைப் பிடித்தால் அதன் தசைநாண் வரை தடித்திருக்கும். ஏ.டி.சி. லிம்போமா அளவுக்குக் கீழே போகாது. ஆனால் நாட்பட்டு இறுகிப்போன அழற்சி வலி இல்லாமலும் இருக்கும், டி2-வில் கறுத்தும் இருக்கும். நம்மை வீழ்த்துவது அந்த வகைதான்.

அடுத்தது ஐஜிஜி4 எனும் எதிர்ப்புரதம் சார்ந்த நோய். இரண்டு பக்கக் கண்ணீர்ச் சுரப்பிகளும் வலியின்றிப் பெருத்திருக்கும், தசைகளும் தடிக்கலாம். இதற்கு ஒரு நல்ல துப்பு உண்டு. கொரோனல் படத்தில் கண்குழியின் தரையில் ஓடும் இன்ஃப்ராஆர்பிட்டல் நரம்பைப் பாருங்கள். அது பார்வை நரம்பை விடத் தடித்திருந்தால் ஐஜிஜி4 நோயை வலுவாக நினைக்கலாம். ஆனால் லிம்போமாவும் நரம்பு வழியே பரவக்கூடியது. தவிர, ஐஜிஜி4 நோய் இருக்கும் திசுவிலேயே மால்ட் லிம்போமா வந்த நோயாளிகளும் உண்டு. ஆகவே ரத்தத்தில் ஐஜிஜி4 உயர்ந்திருக்கிறது என்பதற்காகப் பயாப்சியைத் தள்ளிப்போட முடியாது.

தைராய்டு கண்நோய் பெரும்பாலும் எளிதில் பிரியும். இரண்டு பக்கமும், பல தசைகளில், கீழ்த் தசையும் உள் தசையும் முதலில், தசைநாண் தடிக்காமல். ஒரே ஒரு தசை மட்டும், அதுவும் தசைநாணோடு சேர்ந்து முண்டு முண்டாகத் தடித்திருந்தால் தைராய்டு என்று எழுதும் முன் ஒருமுறை யோசியுங்கள். கூம்புக்குள் உருண்டையாக, டி2-வில் நன்றாக ஒளிர்ந்து, கான்ட்ராஸ்ட் ஒரு புள்ளியில் தொடங்கி மெல்ல நிரம்பினால் அது கேவர்னஸ் சிரைக் கட்டி. லிம்போமா அப்படி நிரம்பாது.

குழந்தைகளின் கண்குழியில் வேகமாக வளரும் கட்டி என்றால் கதையே வேறு. அங்கே ராப்டோமயோசர்கோமா எனும் தசைப் புற்றும் லுகேமியா எனும் ரத்தப் புற்றின் படிவும்தான் முன்னால் நிற்கும். லிம்போமா மிக அரிது. அது அவசரம், அன்றைக்கே தொலைபேசியில் சொல்ல வேண்டிய செய்தி.

கண்ணீர்ப் பைக்கு மட்டும் ஒரு குறிப்பு. மூக்கோரத்தில், உள்மூலையில் கட்டி, கண்ணில் ஓயாமல் நீர் வடிதல் என்று வந்தால் அங்கேயும் லிம்போமா உண்டு. அந்த இடத்தில் முரட்டு வகையான பெரிய பி செல் லிம்போமாவுக்கான வாய்ப்பு கண்குழியின் மற்ற பகுதிகளை விட அதிகம்.

ஆறாம் படி: கண்குழிக்கு வெளியே

கண்குழியின் பின்கோடியில் உள்ள இரண்டு பிளவுகளையும், மூளையடியில் ரத்தம் ஓடும் கேவர்னஸ் சைனஸையும், பக்கத்தில் காற்று நிரம்பிய சைனஸ்களையும் பாருங்கள். காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, கழுத்தில் நிணநீர் முடிச்சுகள் உங்கள் படப்பரப்புக்குள் வந்திருந்தால் அவற்றையும் பார்த்து எழுதுங்கள். பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியையும் விட வேண்டாம். மால்ட் வகை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரக்கூடியது.

உடல் முழுவதும் தேட, கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் பெட்-சி.டி. பயன்படுகிறது. பெரிய பி செல் வகை சர்க்கரையை ஏராளமாக இழுக்கும், பளிச்சென்று தெரியும். மால்ட் வகையோ சில நேரம் இழுக்கவே இழுக்காது. மெல்லிய கன்ஜங்டைவா திட்டும் தெரியாமல் போகும். மூளை பக்கத்திலேயே பிரகாசமாக இருக்கிறது, கண் தசைகளும் இயல்பாகவே கொஞ்சம் இழுக்கும். ஆகவே கண்குழியில் பெட் ஒளிரவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கண்ணுக்கு எம்.ஆர்.ஐ., உடலுக்குப் பெட் என்று வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. வேறிடத்தில் ஒரு முடிச்சு நன்றாக ஒளிர்ந்தால் அங்கே திசு எடுப்பது கண்குழிக்குள் போவதை விட எளிதாகவும் இருக்கலாம்.

ஏழாம் படி: ரிப்போர்ட்

பயிற்சிக் காலத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் சி.டி.யை நான் படித்தேன். இடது மேல் இமை தடித்திருந்தது, வலி இல்லை. கண்ணீர்ச் சுரப்பியின் இரண்டு மடல்களும் பெருத்து, கண்கோளத்தின் மேல் அழகாக வளைந்து படிந்திருந்தன. நான் அதையெல்லாம் சரியாகவே விவரித்தேன். ஆனால் கடைசி வரியில் ‘அழற்சியாக இருக்கலாம்’ என்று முடித்தேன். ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது. இரண்டு வாரத்தில் வீக்கம் பாதியாகக் குறைந்தது, எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் கட்டி திரும்ப வந்தது. அப்போது எடுத்த பயாப்சியில் லிம்போமா. நோய் மெதுவான வகை என்பதால் அவர் நன்றாகக் குணமானார். ஆனாலும் அந்த மாதங்கள் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. ஸ்டீராய்டு லிம்போமாவையும் சுருக்கும் என்பது எனக்கு அன்று புத்தக அளவில் தெரிந்திருந்தது. என் ஒரு வரி மருந்துச் சீட்டில் ஸ்டீராய்டாக மாறும் என்பது தெரியவில்லை.

ஸ்டீராய்டால் வீக்கம் குறைந்தது என்பது அழற்சிக்குச் சான்றாகாது. அதைவிட மோசம், ஸ்டீராய்டு எடுத்த பின் திசு எடுத்தால் லிம்போமா செல்கள் அழிந்துபோய் நோயியல் நிபுணருக்கும் விடை கிடைக்காமல் போகலாம். ஆகவே லிம்பாய்டு கட்டி என்று சந்தேகம் வந்தால் இப்போது நான் வெளிப்படையாக எழுதுகிறேன்: ‘லிம்பாய்டு பெருக்க நோய், லிம்போமாவை விலக்க முடியாது. ஸ்டீராய்டு தொடங்கும் முன் திசுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.’ எழுதியதோடு நிறுத்தாமல் அனுப்பிய மருத்துவரைக் கூப்பிட்டும் சொல்கிறேன்.

விவரிப்புப் பகுதி இப்படி இருக்கலாம். ‘வலது கண்குழியின் மேல் வெளிப்பகுதியில், கூம்புக்கு வெளியே, கண்ணீர்ச் சுரப்பியின் இரு மடல்களையும் உள்ளடக்கி 28 × 14 × 20 மி.மீ. அளவில் ஒரே சீரான கட்டி. கண்கோளத்தின் மேல் படிந்துள்ளது, கோளத்தின் வடிவம் மாறவில்லை. செப்டத்தைத் தாண்டி மேல் இமைக்குள் நீள்கிறது. வெளித் தசையோடு ஒட்டியுள்ளது. பார்வை நரம்பு தொடப்படவில்லை. எலும்பு அரிப்பு இல்லை. ஏ.டி.சி. 0.65 × 10⁻³. பிதுக்கம் வலது 22, இடது 18 மி.மீ. இடது கண்ணீர்ச் சுரப்பி இயல்பு.’

செப்டத்தைப் பற்றிய அந்த ஒரு வரி எதற்கு? நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று வகுக்கும் டி.என்.எம். முறையில், கண்ணைச் சுற்றிய லிம்போமாவுக்கான கட்டிப் பிரிவில் கன்ஜங்டைவாவோடு நின்றால் முதல் நிலை, கண்குழிக்குள் இருந்தால் இரண்டு, செப்டத்துக்கு முன்னால் இமையையும் பிடித்தால் மூன்று, கண்குழியைத் தாண்டி எலும்பு, மூளை போன்ற பக்கத்து உறுப்புகளுக்குப் போனால் நான்கு. நிலையை முடிவு செய்பவர் உங்கள் விவரிப்பிலிருந்துதான் அதை எடுப்பார். முழு உடலிலும் நோயின் நிலையை வகுக்க 2014-இல் வந்த லுகானோ முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

திசு எடுப்பவருக்கு உதவும் ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். கட்டியின் எந்தப் பகுதி முன்னால், எலும்பு விளிம்புக்கு அருகில், எளிதாக எட்டும்படி இருக்கிறது? கன்ஜங்டைவா வழியே எட்டுமா? மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்கள் லிம்போமாவின் வகையைச் சொல்லப் பல நேரம் போதாது. ஒரு துண்டுத் திசு வேண்டும், அதில் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் புதிதாகவே, செல்களை ஒவ்வொன்றாக வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு அனுப்ப வேண்டும். இது ரேடியாலஜியின் வேலை இல்லைதான். ஆனாலும் கூப்பிட்டுப் பேசும்போது ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தினால் ஒரு நோயாளி இரண்டாவது பயாப்சியிலிருந்து தப்பிப்பார்.

எட்டாம் படி: சிகிச்சைக்குப் பின்

ஓரிடத்தில் மட்டும் இருக்கும் மால்ட் வகைக்குக் கதிர்வீச்சுதான் வழக்கமான சிகிச்சை. மொத்தம் 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கொடுப்பது பரவலான முறை. இரண்டே தவணையில் 4 கிரே மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. கட்டி ஒரே நாளில் மறையாது, வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். ஆகவே சிகிச்சை முடிந்த மறுவாரமே எடுத்த படத்தில் மிச்சம் தெரிகிறது என்று பதற வேண்டாம். சுமார் மூன்று மாதம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யை அடிப்படைப் படமாக வைத்துக்கொண்டால் பின்னால் வருவதையெல்லாம் அதோடு ஒப்பிடலாம். சுரப்பி இருந்த இடத்தில் மெல்லிய தடிப்பு ஒன்று நெடுநாள் தங்கலாம். அது வளராமல், ஏ.டி.சி. உயர்ந்து இருந்தால் தழும்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த நோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பும், மறு கண்ணிலும் திரும்பும், உடலின் வேறு இடத்திலும் தலைகாட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் அதே வரிசை, அதே தடிமன், முடிந்தால் அதே கருவி. ஒப்பிடும்போது கடைசியாக எடுத்த படத்தை மட்டும் திறக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வளர்வதை அடுத்தடுத்த இரண்டு படங்கள் காட்டாது. முதல் அடிப்படைப் படத்தைப் பக்கத்தில் வைத்து, பார்வை நரம்பு தெரியும் அதே மட்டத்தில் நிறுத்தி, இரண்டு கண்களையும் அளந்து எழுதுங்கள்.